லேத்து மோட்டாருக்கு முன்-பின் சுவிட்ச்



உழவையும் உரத்தையும் பற்றிப் பேச வேண்டியவன் லேத்து மோட்டாரைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று நினைக்காதீர்கள். மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய அன்றைக்குப் பம்பின் ஷாப்ட் தேய்ந்து நின்றுவிட்டால் உரத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்? ஷாப்டைத் துணியில் சுற்றிக்கொண்டு காரியாபட்டிக்கோ விருதுநகருக்கோ பஸ் ஏற வேண்டும். பட்டறையில் நமக்கு முன்னால் நாலு பேர் நிற்பார்கள். அன்றைக்கு வேலை முடியாது. கரிசல் காடு அதற்குள் வெடித்துப்போகும். அதனால் ஊரிலேயே ஒரு பழைய லேத்தை வாங்கிப் போட்டு, பையன் ஒருவனை அதில் பழக்கலாமா என்று மல்லாங்கிணறு பக்கத்து விவசாயிகள் கேட்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பழைய லேத்தில் முதலில் கெட்டுப்போகிற சாமான் ஒன்று உண்டு. அதுதான் மோட்டாரை முன்னும் பின்னுமாகச் சுற்றவைக்கிற கைப்பிடிச் சுவிட்ச். அதை மாற்றும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

மின்சார வேலையை லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம்தான் கொடுக்க வேண்டும். இதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனாலும் அவர் என்ன செய்கிறார் என்பது நமக்குப் புரிய வேண்டும். பட்டறையில் சக்குக்குப் பக்கத்தில் கையை வைத்து நிற்கப்போகிறவர் வயர்மேன் அல்ல, நம் பையன்.

லேத்துக்குப் பின்சுற்று எதற்கு என்று கேட்கலாம். கமலை இறைத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். மாடு முன்னே போனால் சால் மேலே வரும். பின்னுக்கு வந்தால்தான் சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். லேத்தில் மரை வெட்டுவதும் அப்படித்தான். உளி ஒரு நடை வெட்டி முடித்ததும், பிடித்த இடம் பிசகாமல் வந்த வழியே திரும்ப வேண்டும். மோட்டாரைப் பின்னுக்குச் சுற்றவிட்டால் அது தானே திரும்பி வரும். மோட்டார் வராத காலத்தில் இதற்குக் குறுக்கு பெல்ட் போடுவார்கள். நேராகப் போட்ட பெல்ட் ஒரு பக்கம் சுற்றும், எட்டு வடிவத்தில் குறுக்கே போட்ட பெல்ட் எதிர்ப்பக்கம் சுற்றும். பெல்ட் செய்த அந்த வேலையை இப்போது ஒரு சுவிட்ச் செய்கிறது. ஒவ்வொரு தடவை கைப்பிடியைத் திருப்பும்போதும் அதன் உள்ளே பொறி பறக்கிறது. வருஷக்கணக்காகப் பொறி பறந்தால் செம்பு கருகும், பள்ளம் விழும், கடைசியில் ஒரு பக்கம் தொடாமல் போகும். மூன்று பேஸில் ஒன்று தொடாவிட்டால் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும். கவனிக்காமல் விட்டால் காயில் எரியும்.

இனி மோட்டார் எப்படித் திரும்பிச் சுற்றுகிறது என்று பார்ப்போம். இது நீங்கள் அறியாத விஷயமல்ல. கம்பத்திலோ டிரான்ஸ்பார்மரிலோ வேலை பார்த்துவிட்டுப் போன பிறகு கிணற்று மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றி, தண்ணீர் சரியாக ஏறாமல் போனதை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறீர்கள். ஸ்டார்ட்டரில் இரண்டு கம்பியை இடம் மாற்றியதும் சரியாகிவிட்டது. லேத்துச் சுவிட்ச் செய்வதும் அதையேதான். நாம் திருப்புளி வைத்து ஒருமுறை செய்ததை அது கைப்பிடி அசைவில் நாளைக்கு நூறு முறை செய்கிறது.

ஏன் அப்படி என்பதற்குக் களத்துமேட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன். வட்டமான களத்தைச் சுற்றிச் சம தூரத்தில் மூன்று பையன்கள் பச்சைச் சோளத்தட்டையோடு நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பையன் தட்டையைக் காட்டுகிறான். மாடு அவன் பக்கம் போகிறது. உடனே அவன் மறைத்துக்கொள்ள, இரண்டாமவன் காட்டுகிறான். பிறகு மூன்றாமவன். மாடு களத்தைச் சுற்ற ஆரம்பித்துவிடும். மூன்று பேஸ் மோட்டாருக்குள் நடப்பது இதுதான். ஒரு விநாடிக்கு ஐம்பது தடவை அந்த மூன்று பேஸும் முறைவைத்துக் காட்டுகின்றன. இப்போது இரண்டு பையன்கள் மட்டும் இடம் மாறி நிற்கட்டும், கூப்பிடும் வரிசை பழையபடியே இருக்கட்டும். மாடு எதிர்ப்பக்கம் சுற்றும். எந்த இரண்டு பேர் மாறினாலும் சரி. ஆனால் மூன்று பேரும் ஆளுக்கு ஓரிடம் தள்ளி நின்றால் வரிசை மாறவே இல்லை, மாடு பழையபடிதான் சுற்றும். மூன்று கம்பியையும் மாற்றிப் போட்டேன், திரும்பவில்லையே என்று சிலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். இரண்டைத்தான் மாற்ற வேண்டும். ஒன்று நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

ஒற்றை பேஸ் மோட்டார் வேறு ஜாதி. இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பேஸையும் நியூட்ரலையும் மாற்றிப் போட்டால் திரும்பிவிடும் என்று நினைக்கிறார்கள். திரும்பாது. களத்தில் ஒரே பையன்தான் நிற்கிறான், தட்டையைக் காட்டிக் காட்டி மறைக்கிறான் என்றால் மாடு எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாமல் நிற்கும். அதற்காகப் பக்கத்தில் ஒரு துணை ஆளை நிறுத்தி, சற்று முந்திக் காட்டச் சொல்கிறோம். மோட்டாரில் அந்தத் துணை ஆள்தான் ஸ்டார்ட்டிங் காயில். அவனை முந்தவைப்பது கப்பாசிட்டர். துணை ஆள் எந்தப் பக்கம் நிற்கிறானோ அந்தப் பக்கம் மாடு கிளம்பும். ஆகவே ஒற்றை பேஸ் மோட்டாரைத் திருப்ப, ரன்னிங் காயிலை அப்படியே விட்டுவிட்டு ஸ்டார்ட்டிங் காயிலின் இரண்டு முனைகளை மட்டும் மாற்ற வேண்டும்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. சுவிட்ச் வாங்கக் கடைக்குப் போகுமுன் மோட்டாரின் பெயர்ப்பலகையைப் படிக்க வேண்டும். கிரீஸும் கறுப்பும் படிந்திருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தால் தெரியும். மூன்று பேஸா ஒற்றை பேஸா, எத்தனை எச்.பி., எத்தனை ஆம்பியர் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பேஸ் மோட்டார் ஒரு எச்.பி. என்றால் ஏறத்தாழ 2 ஆம்பியர் எடுக்கும், 3 எச்.பி. என்றால் 5 ஆம்பியர் அளவு. அதே ஒரு எச்.பி. ஒற்றை பேஸாக இருந்தால் 7 ஆம்பியர் வரை போகும். கிளம்பும்போது இதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஆகவே விளக்குக்குப் போடும் சுவிட்ச் இதற்கு ஆகாது. மோட்டாருக்கென்றே செய்த டிரம் சுவிட்ச் அல்லது கேம் சுவிட்ச் என்று கேட்டு வாங்குங்கள். கடையில் இன்னொரு ஏமாற்றமும் நடக்கும். ஸ்டார்-டெல்டா சுவிட்சும், கரண்டுக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றுகிற சேஞ்ச்-ஓவர் சுவிட்சும் வெளியிலிருந்து பார்த்தால் இதே மாதிரி இருக்கும். கைப்பிடி ஒன்றாக இருப்பதால் உள்ளேயும் ஒன்று என்று எண்ண வேண்டாம்.

கழற்றும் வேலைக்கு வருவோம். மெயினை அணைத்தால் மட்டும் போதாது. பியூஸ் கேரியரைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவர் வந்து, இதை ஏன் அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று போட்டுவிடுவது நம் ஊரில் நடக்காத காரியமல்ல. டெஸ்டரில் விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். டெஸ்டரே கெட்டிருக்கலாம். கரண்டு இருக்கிற இடத்தில் முதலில் வைத்துப் பார்த்து, பிறகு இங்கே வைத்து, மறுபடி கரண்டு உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒற்றை பேஸ் மோட்டாரானால் கப்பாசிட்டரில் கரண்டு தங்கியிருக்கும். அணைத்த பிறகும் ஆளைத் தூக்கி அடிக்கும். ஹோல்டரில் பழைய குண்டு பல்பு ஒன்றைப் போட்டு, அதன் இரண்டு கம்பிகளையும் கப்பாசிட்டரின் இரு முனைகளில் சில விநாடி தொடவைத்தால் இறங்கிவிடும். இதற்கு எல்.இ.டி. பல்பு உதவாது.

எந்தக் கம்பியையும் அவிழ்ப்பதற்கு முன்னால் இருக்கிறபடியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. ஆனாலும் காகிதத்தில் ஒரு படம் வரைவதைத்தான் நான் விரும்புவேன். வரையும்போதுதான் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று கண் தேடும். ஒவ்வொரு கம்பியிலும் துணிக்கிழிசலோ ஒட்டுத்தாளோ கட்டி எண் போடுங்கள். நிறத்தை நம்பாதீர்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பேஸுக்கு, கறுப்பு நியூட்ரலுக்கு, பச்சை எர்த்துக்கு என்பது நம்மிடம் உள்ள வழக்கம். பழைய லேத்து நாலு கை மாறி வந்திருக்கும். கையில் கிடைத்த ஒயரைப் போட்டு ஒட்டியிருப்பார்கள். பச்சை ஒயரில் பேஸ் வருகிற லேத்தும் இருக்கும்.

அடுத்தது புதுச் சுவிட்சைப் படிப்பது. இந்த ஒரு வேலையைச் செய்துவிட்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. டார்ச் செல், சின்ன பல்பு, இரண்டு துண்டுக் கம்பி போதும். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் வசதி. சுவிட்சை மேஜையில் வைத்துத் திருகுகளுக்கு எண் கொடுங்கள். கைப்பிடி நடுவில் இருக்கும்போது எந்தத் திருகும் எந்தத் திருகோடும் சேரக்கூடாது. முன் பக்கம் தள்ளி, எது எதோடு சேர்கிறது என்று எழுதுங்கள். பின் பக்கம் தள்ளி மறுபடி எழுதுங்கள். மூன்று பேஸுக்கான சுவிட்ச் என்றால் முன் நிலையில் 1-லிருந்து 4, 2-லிருந்து 5, 3-லிருந்து 6 என்பதுபோல் நேராகப் போகும். பின் நிலையில் ஒன்று மட்டும் நேராகப் போக, மற்ற இரண்டும் குறுக்கே மாறும். எந்த நிலையிலாவது கரண்டு உள்ளே வருகிற இரண்டு திருகுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் அந்தச் சுவிட்சை அப்படியே கட்டி வைத்துவிடுங்கள். அதை மாட்டினால் 415 வோல்ட் நேருக்கு நேர் மோதி, கைப்பிடியைப் பிடித்தவர் முகத்துக்கு எதிரே வெடிக்கும். சில சுவிட்சுகளில் பித்தளைப் பட்டை ஒன்று திருகுகளை இணைத்து வந்திருக்கும். ஒற்றை பேஸுக்கு ஒரு மாதிரி, மூன்று பேஸுக்கு வேறு மாதிரி பட்டை போட வேண்டும். கூடவே வந்த காகிதத்தைப் பெட்டியோடு எறிந்துவிட வேண்டாம்.

மூன்று பேஸ் மோட்டாருக்கு இணைப்பு சுலபம். ஸ்டார்ட்டரிலிருந்து வரும் மூன்று கம்பியும் சுவிட்சின் உள்வரும் பக்கம், மோட்டாருக்குப் போகும் மூன்றும் வெளிப்போகும் பக்கம். எர்த்துக் கம்பி சுவிட்சுக்குள் எதிலும் சேராமல், மோட்டார் உடம்புக்கும் லேத்து உடம்புக்கும் சுவிட்சின் இரும்புப் பெட்டிக்கும் தனித்தனியே திருகில் முறுக்கப்பட்டிருக்க வேண்டும். நியூட்ரலை எர்த்தாகப் பயன்படுத்துகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால் லேத்து முழுவதும் கரண்டாகிவிடும்.

ஒற்றை பேஸில் எர்த் தவிர மோட்டாரிலிருந்து நாலு கம்பி வர வேண்டும். ரன்னிங் காயிலுக்கு இரண்டு, ஸ்டார்ட்டிங் காயிலுக்கு இரண்டு. மீட்டரில் ஓம் பார்த்தால் பெரும்பாலும் குறைவாகக் காட்டுவது ரன்னிங், அதிகமாகக் காட்டுவது ஸ்டார்ட்டிங். கப்பாசிட்டரும் உள்ளே இருக்கும் சென்ட்ரிபியூகல் சுவிட்சும் ஸ்டார்ட்டிங் காயிலோடு ஒரே கோவையாக இருக்கும். அளக்கும்போது கப்பாசிட்டரை மட்டும் கழற்றிவிட்டு அளக்க வேண்டும், இல்லையென்றால் மீட்டர் ஒன்றும் காட்டாது. அந்தக் கோவையின் இரண்டு கடைசி முனைகளைத்தான் மாற்ற வேண்டும், நடுவில் கை வைக்கக்கூடாது. முன் நிலையில் ஸ்டார்ட்டிங்கின் முதல் முனை பேஸோடும் இரண்டாம் முனை நியூட்ரலோடும் சேரும். பின் நிலையில் முதல் முனை நியூட்ரலோடும் இரண்டாம் முனை பேஸோடும் சேரும். ரன்னிங் இரண்டு நிலையிலும் மாறாது. நடு நிலையில் பேஸ், நியூட்ரல் இரண்டும் அறுபட வேண்டும். மோட்டாரிலிருந்து இரண்டே கம்பிதான் வெளியே வருகிறது என்றால் மற்ற முனைகளை உள்ளேயே முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அதைப் பிரித்து வெளியே எடுக்க வேண்டும். இந்த வேலையைக் காயில் கட்டுகிறவரிடம் விட்டுவிடுவதே நல்லது. பழைய காயில் கம்பி மண்பானை ஓடு மாதிரி, தொட்டால் மேல்பூச்சு உதிரும். அவரிடம் போகிறபோதே மெகர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காயிலுக்கும் மோட்டார் உடம்புக்கும் இடையே ஒரு மெகோமுக்குக் குறைவாகக் காட்டினால் ஈரம் ஏறியிருக்கிறது அல்லது காயில் முடிந்துவிட்டது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. காது கொடுத்துக் கேளுங்கள்.

டிரம் சுவிட்சுக்குத் திசையை மாற்றத் தெரியுமே தவிர, கரண்டு போனதும் வந்ததும் தெரியாது. கைப்பிடி முன் பக்கம் இருக்கும்போது கரண்டு போய்விட்டால் அது முன் பக்கமே இருக்கும். பையன் சற்று நேரம் பார்ப்பான். பிறகு, சரி, இரும்பைக் கழற்றிப் பார்ப்போம் என்று சக்கில் சாவியைப் போட்டுத் திருகுவான். அந்த நேரம் கரண்டு வந்தால் சாவி சக்கோடு சுற்றிக் கையை முறிக்கும், அல்லது பறந்து வந்து முகத்தில் அடிக்கும். இதற்குத்தான் ஸ்டார்ட்டர். கரண்டு போனதும் அதன் நோ-வோல்ட் காயில் விட்டுவிடும். திரும்ப வந்தாலும் பச்சைப் பொத்தானை அமுக்காமல் மோட்டார் ஓடாது. ஆகவே டிரம் சுவிட்ச் இருக்கிறதே என்று ஸ்டார்ட்டரை எடுத்துவிடாதீர்கள். முதலில் ஸ்டார்ட்டர், அதற்கடுத்து டிரம் சுவிட்ச், அதற்கப்புறம் மோட்டார். இந்த வரிசை மாறக்கூடாது. ஓவர்லோடு ரிலேயைப் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்கு வையுங்கள். அடிக்கடி விழுகிறதே என்று மேலே ஏற்றி வைத்தால் ரிலே பிழைக்கும், காயில் போகும்.

இதிலே நம் விவசாயிகளுக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. கிணற்றுக் கொட்டகையில் சும்மா கிடந்த ஸ்டார்ட்டரை எடுத்து வந்து லேத்துக்கு மாட்டுவார்கள். சிக்கனம்தான். ஆனால் ராத்திரி கரண்டு வந்ததும் பம்பு தானாக ஓடுவதற்கு அதில் ஆட்டோ வைத்திருப்போம். தண்ணீர் பாய்ச்சுவதற்கு அது நல்ல வசதி. லேத்துக்கு அதுவே எமன். ஆட்டோவை அணைத்து வைத்தால் போதாது, அதைக் கழற்றியே எடுத்துவிட வேண்டும். அணைத்து வைத்ததை நாளைக்கு யாராவது தட்டிவிடுவார்கள்.

இணைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிணற்றுக்குக் கொடுத்த இலவச மின்சாரத்தில் லேத்தை ஓட்டக்கூடாது. 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி, ஒரு காரியத்துக்கு வாங்கிய இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் உரிய கட்டணத்தைப்போல் இரு மடங்கு விதிப்பார்கள். பட்டறைக்குத் தனி இணைப்பு வாங்கிக்கொள்ளுங்கள். கையோடு 30 மில்லிஆம்பியரில் விழுகிற எர்த் லீக்கேஜ் பிரேக்கரும் போட்டுக்கொண்டால் வேலை செய்கிறவர் உயிருக்கு ஒரு காவல்.

சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு வேலையில் இருக்கிறவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், மருந்து கலக்கிற இடத்திலோ மருந்துத் தூசி பறக்கிற இடத்திலோ இந்தச் சுவிட்சைப் பொருத்த எண்ணாதீர்கள். உள்ளே பொறி பறக்கும் என்று முன்னமே சொன்னேன். அங்கே வேண்டியது தீப்பொறி வெளியே வராதபடி செய்த தனிச் சாமான்கள். அதற்குச் சட்டம் தனி, அதைப் பொருத்துகிற ஆளும் தனி.

லேத்தில் சுவிட்சை எங்கே பொருத்துவது? சக்குக்கு மேலே கையை நீட்டாமல் எட்டுகிற இடத்தில். ஆபத்து என்றால் சுற்றுகிற சக்கைத் தாண்டிப் போய் அணைக்கிற மாதிரி வைப்பவர் யோசிக்காதவர். கடைசலில் உதிரும் இரும்புச் சுருளும் எண்ணெயும் பெட்டிக்குள் போகாதபடி ஒயர் நுழையும் ஓட்டை கீழ்ப்பக்கமாக இருக்கட்டும். சுருள் ஒன்று உள்ளே விழுந்து இரண்டு திருகுகளைத் தொட்டால் போதும்.

வெள்ளோட்டத்துக்கு முன் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். சக்குச் சாவி சக்கில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மோட்டாரை மட்டும் முன் பக்கம் ஓட்டி, அணைத்து, அது முழுவதும் நின்ற பிறகு பின் பக்கம் ஓட்டிப் பாருங்கள். இரண்டும் சரி என்றால் பெல்ட்டை மாட்டலாம். லேத்துக்கு முன்னால் நிற்கிறவருக்குச் சக்கின் மேல்பகுதி தன்னை நோக்கி வந்து கீழே இறங்க வேண்டும். அதுதான் முன்சுற்று. மாறிச் சுற்றினால் மூன்று பேஸில் மோட்டார்ப் பக்கம் இரண்டு கம்பியையும், ஒற்றை பேஸில் ஸ்டார்ட்டிங்கின் இரண்டு முனையையும் மாற்றுங்கள். பிறகு பெயின்டால் ‘முன்’, ‘பின்’ என்று பெரிதாக எழுதிவிடுங்கள்.

ஓட்டுகிற பையனுக்கு ஒன்றைச் சொல்லிச் சொல்லி மனத்தில் பதியவைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியை ஒரே வீச்சில் முன்னிருந்து பின்னுக்குத் தள்ளக்கூடாது. நடுவில் நிறுத்தி, மோட்டார் நிற்கும்வரை பொறுக்க வேண்டும். மூன்று பேஸ் மோட்டார் அப்படித் தள்ளினால் திரும்பிவிடும், ஆனால் கரண்டு பல மடங்கு பாயும். பழைய லேத்துகளில் சக்கை மரையில் திருகி மாட்டியிருப்பார்கள். திடீரென்று பின்னுக்கு இழுத்தால் சக்கு மரை கழன்று கால்மேல் விழும். அந்த மாதிரி லேத்தில் பின்சுற்றை மெதுவான வேகத்தில், இலேசான வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை பேஸ் மோட்டாரில் வேறு கதை. முழு வேகத்தில் ஓடும்போது சென்ட்ரிபியூகல் சுவிட்ச் ஸ்டார்ட்டிங் காயிலை விலக்கியிருக்கும். கைப்பிடியைப் பின்னுக்குத் தள்ளினாலும் மோட்டார் பழைய பக்கமே ஓடிக்கொண்டிருக்கும். சுவிட்ச் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கழற்ற ஆரம்பிப்பார்கள். கெடவில்லை. வேகம் இறங்கி, உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அதற்கப்புறம் நின்றதும் தள்ளினால் ஒழுங்காகத் திரும்பும்.

ஒரு வாரம் ஓடிய பிறகு, பியூஸ் கேரியரைப் பிடுங்கிவிட்டுச் சுவிட்சுக்குள் எல்லாத் திருகையும் ஒருமுறை இறுக்குங்கள். செம்புக் கம்பி அழுந்தி இளகியிருக்கும். தளர்ந்த திருகு சூடாகும், சூடானால் ஒயரின் மேல்தோல் கருகும். நீங்கள் வரைந்த படத்தை மடித்து, பாலிதீன் பையில் போட்டு, ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை திறக்கிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு அது வேண்டியிருக்கும்.